ரீபிரீதர் சிலிண்டரைக் கையால் அடித்து நிரப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரீபிரீதர் என்பது விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வைக்கும் டைவிங் கருவி. மூச்சில் வரும் கரியமில வாயுவை ஒரு டப்பாவில் கொட்டி வைத்த சோடா லைம் உறிஞ்சிக்கொள்ளும், உடம்பு செலவழித்த ஆக்ஸிஜனை மட்டும் ஒரு குட்டி சிலிண்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டும். அந்தக் குட்டி சிலிண்டரை மின்சாரம் இல்லாத இடத்தில், பெரிய கம்ப்ரஸர் இல்லாமல், கையால் அடித்து நிரப்புகிற பம்பைப் பற்றித்தான் இந்தப் பக்கம். இதைப் படிப்பது பயிற்சிக்கு ஈடாகாது. ஆக்ஸிஜன் கையாளும் வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு அப்புறம் பம்பைத் தொடுங்கள்.

இது சைக்கிள் பம்பு மாதிரியா?

வெளித்தோற்றத்துக்கு ஊர் அடிபம்பு மாதிரி. நீளமான கைப்பிடி, ஒரு பிஸ்டன், உள்ளே வர ஒரு வால்வு, வெளியே போக ஒரு வால்வு. இரண்டுமே ஒரு பக்கம் மட்டும் திறக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு. சைக்கிள் பம்புக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், சைக்கிள் பம்பு வெளிக்காற்றை இழுக்கிறது, இது ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் வாயுவை ஒரு பெரிய சிலிண்டரிலிருந்து எடுத்துச் சின்ன சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இதற்கு மாற்றுப் பம்பு (டிரான்ஸ்ஃபர் பம்பு) என்று பெயர் வந்ததே அதனால்தான். இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

ஸ்கூபா சிலிண்டரை இப்படி நிரப்ப ஏன் யாரும் பார்ப்பதில்லை?

கணக்கு ஒத்துவராது. சாதாரண 12 லிட்டர் ஸ்கூபா சிலிண்டரில் 200 பார், அதாவது வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தம் என்றால் 2,400 லிட்டர் காற்று. 30 மீட்டர் ஆழத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் போய்க்கொண்டிருக்கும், அரைமணி நேரத்தில் காலி. ரீபிரீதரில் இருப்பவருக்கு எந்த ஆழமானாலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 லிட்டர் ஆக்ஸிஜன் போதும், கடுமையாக நீந்தினால் கூடும். 3 லிட்டர் சிலிண்டரில் 150 பார் என்பது 450 லிட்டர். காகிதத்தில் அது ஏழு மணி நேரத்துக்கு மேல் வரும், சோடா லைம் அதற்கு வெகுமுன்பே தீர்ந்துவிடும். வேண்டிய வாயு இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் கையால் அடிப்பது நடக்கிற காரியமாகிறது.

பெரிய சிலிண்டரிலிருந்து ஹோஸ் போட்டுத் திறந்துவிட்டால் தானாக நிரம்பாதா? பம்பு எதற்கு?

நிரம்பும், பெரிய சிலிண்டர் புதுசாக இருக்கும் வரை. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் நம்மில் நிறையப் பேர் விருப்பமில்லாமலே கற்றுக்கொண்ட அந்த டி டைப் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு 46.7 லிட்டர், முழுசாக இருக்கும்போது 150 பார் அளவில் சுமார் 7 கனமீட்டர் ஆக்ஸிஜன். அதிலிருந்து காலியான 3 லிட்டர் சிலிண்டருக்குத் திறந்துவிட்டால் இரண்டும் சமமாகி 141 பாரில் நிற்கும். பிரமாதம். பத்துத் தடவை நிரப்பிய பிறகு பெரியதில் 80 பார்தான் இருக்கிறது என்றால் சின்னது 75 பாரில் நின்றுவிடும், அதற்கு மேல் ஒரு துளி ஏறாது.

பெரியதில் 60 பார் மிச்சம் இருக்கும்போது அதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தால் 2,800 லிட்டர் ஆக்ஸிஜனைச் சும்மா கொடுத்தனுப்புகிறீர்கள் என்று அர்த்தம். ஊரில் இருந்தால் பரவாயில்லை, காசுதான் நஷ்டம். அடுத்த சப்ளைப் படகு பத்து நாள் கழித்து வரும் தீவில் இருந்தால் அந்த 60 பார்தான் உங்கள் மிச்ச டைவ்கள்.

சரி, எத்தனை தடவை அடிக்கணும்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், பதில் முழுக்க முழுக்கப் பெரிய சிலிண்டரின் அழுத்தத்தைப் பொறுத்தது. ஒரு உதாரணம். பிஸ்டன் 10 மில்லிமீட்டர் விட்டம், 20 சென்டிமீட்டர் ஓட்டம் என்றால் ஒரு தடவைக்கு 15.7 சிசி.

பெரியதில் 100 பார் இருக்கிறது, சின்னதில் 30 பார் மிச்சம். முதலில் பம்பு இல்லாமல் மெதுவாகத் திறந்து சமப்படுத்தினால் இரண்டும் 96 பாருக்கு வந்துவிடும். இதுவரை ஓசி. அங்கிருந்து 150-க்குக் கொண்டுபோக இன்னும் 160 லிட்டர் சொச்சம் தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் பம்புக்குள் வருவது 94 பார் அழுத்தத்தில் உள்ள 15.7 சிசி, அதாவது வெளிக்காற்று அழுத்தக் கணக்கில் சுமார் ஒன்றரை லிட்டர், கழிவு போக 1.3 லிட்டர் என்று வையுங்கள். 120 தடவை சொச்சத்தில் வேலை முடிந்துவிடும்.

இதே பெரியதில் 30 பார்தான் இருக்கிறது என்றால்? சமப்படுத்தி ஒன்றும் கிடைக்காது, 360 லிட்டர் தள்ள வேண்டும், ஒரு தடவைக்கு அரை லிட்டர்கூட வராது, அடிக்க அடிக்கப் பெரியதின் அழுத்தமும் 22 பாருக்கு இறங்கிக்கொண்டே போகும். ஆயிரம் தடவையைத் தொடும். மறுநாள் தோள்பட்டை இருக்குமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் என் கட்சி, இது நிரப்புகிற பம்பு இல்லை, கடைசி ஐம்பது அறுபது பாரை ஏற்றிவிடுகிற பம்பு. கையில் இரண்டு மூன்று பெரிய சிலிண்டர் இருந்தால் குறைந்த அழுத்தத்தில் உள்ளதிலிருந்து முதலில் சமப்படுத்தி, அப்புறம் அடுத்தது, அப்புறம் இருப்பதிலேயே நிறைந்தது என்று ஏறிக்கொண்டே போய், எது நடந்தாலும் பம்பைக் கடைசியில் தொடுங்கள்.

அதற்குப் பயில்வான் மாதிரி உடம்பு வேணுமா?

வேண்டாம். பிஸ்டனின் பின்பக்கத்திலும் பெரிய சிலிண்டரின் அழுத்தம் வருகிற மாதிரி அமைத்த பம்பில், உங்கள் கை எதிர்க்க வேண்டியது இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். மேலே சொன்ன முதல் உதாரணத்தில் முடியும் தறுவாயில் வித்தியாசம் 58 பார், பிஸ்டனில் அது 46 கிலோ, எட்டுக்கு ஒன்று நெம்புகோல் என்றால் கைக்கு ஆறு கிலோவுக்குள். இரண்டாவது உதாரணத்தில் 12 கிலோவுக்கு மேல். அப்படி ஆயிரம் தடவை.

அழுத்தம் ஏற்றுவதற்கு மோட்டார் வைத்த பூஸ்டர், காற்றில் ஓடும் ஹாஸ்கெல் கம்பெனி பூஸ்டர் எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?

காற்றில் ஓடும் பூஸ்டர் அருமையான சாமான், ஆனால் அதை ஓட்டவே ஏராளமான காற்று வேண்டும். அதற்கு ஒரு கம்ப்ரஸர், கம்ப்ரஸருக்கு டீசலோ கரண்டோ. டைவ் சென்டர் வைத்திருக்கிறவர் அதை வாங்கட்டும். படகில் மூன்று பேர், ஒரு வாரம் என்றால் கைப்பம்பு ஒரு பெட்டியில் அடங்கிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதற்குக் கீழே வருகிறேன்.

தீப்பிடிக்குமா?

பிடிக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை, இதைப் பேசாமல் மற்றதைப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

ஆக்ஸிஜன் தானாக எரியாது, மற்றதை எரியவிடும். 150 பார் ஆக்ஸிஜனுக்குள் சாதாரணக் காற்றில் எரியாத பொருள்கூட எரியும், எண்ணெய்ப் பசை, ரப்பர், நைலான், சில உலோகங்கள்கூட. தீக்குச்சி யார் கிழிப்பார்கள் என்று கேட்கலாம். வாயுவைத் திடீரென்று அமுக்கினால் அது சூடாகும், டயருக்குக் காற்றடிக்கும்போது சைக்கிள் பம்பின் அடிப்பாகம் சுடுமே, அதேதான். காலியாக இருக்கும் ஹோஸுக்குள் 150 பார் ஆக்ஸிஜனை ஒரே சொடுக்கில் திறந்துவிட்டால், வெப்பம் வெளியேற நேரம் இல்லாத பட்சத்தில், ஹோஸின் மறுமுனையில் அமுங்கும் வாயு கணக்குப்படி 1,000 டிகிரி செல்சியஸைத் தொடும். அந்த இடத்தில் ஒரு துளி கிரீஸோ ஒரு நூல் பஞ்சோ இருந்தால் அதுவே திரி.

பம்புக்குள்ளும் இதே கணக்குதான், ஆனால் அங்கே எத்தனை மடங்கு அமுக்குகிறோம் என்பதுதான் முக்கியம். 92 பாரை 150 ஆக்குவது ஒன்றரை மடங்கு சொச்சம், 30 டிகிரியில் இருந்த வாயு அதிகபட்சம் 75 டிகிரி வரை போகும். 22 பாரை 150 ஆக்குவது கிட்டத்தட்ட ஏழு மடங்கு, வேகமாக அடித்தால் 250 டிகிரி. தோள்பட்டை வலிக்கிறது என்பதற்காக மட்டும் குறைந்த அழுத்தத்திலிருந்து அடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, புரிகிறதா?

மேலே சொன்ன இன்னொரு காரணம் இங்கேதான் வருகிறது. சிலிண்டருக்குள் ஆக்ஸிஜனை நிமிடத்துக்கு 5 பாருக்கு மேல் ஏற்றாதே என்பது டைவிங்கில் பரவலாகச் சொல்லும் விதி. முதல் உதாரணத்தின் பம்பில் ஒரு தடவைக்கு 0.44 பார் ஏறும். ஐந்து ஐந்தரை விநாடிக்கு ஒரு தடவை, நிதானமாக, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே அடித்தால் நிமிடத்துக்குப் பதினொன்று, அதாவது 5 பாருக்குச் சற்றுக் குறைவு. மனிதக் கை சோம்பலாக அடிக்கும் வேகமும் பாதுகாப்பான வேகமும் ஒன்றாக இருப்பதை முதன்முதலாகக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மோட்டாருக்கு இந்தச் சோம்பல் கிடையாது, அதற்கு நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அப்போ வால்வை எப்படித் திறப்பது?

மெதுவாக. ஹோஸில் அழுத்தம் ஏறுவதை கேஜ் முள்ளில் பார்த்துக்கொண்டே, முள் நகர்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு. வழியில் எங்கேயும் பால் வால்வு வைக்காதீர்கள், கால் சுற்றில் முழுசாகத் திறந்துகொள்ளும் எதுவும் உயர் அழுத்த ஆக்ஸிஜனுக்கு ஆகாது. பல சுற்றுத் திருகினால் திறக்கிற ஊசி வால்வு வேண்டும்.

ஏர்கன்னுக்கு அடிக்கும் உயர் அழுத்தக் கைப்பம்பு என்னிடம் இருக்கிறது, 300 பார் வரை போகும். அதை மாற்றி அமைக்கலாமா?

கூடாது. இந்தக் கேள்வியை வேறு வேறு வார்த்தையில் எத்தனை தடவை கேட்டாலும் கூடாது. அந்தப் பம்பு வெளிக்காற்றை இழுத்து மூன்று நான்கு கட்டமாக அமுக்குவதற்குச் செய்தது, உள்ளே போட்டிருக்கும் சிலிக்கோன் கிரீஸும் ஓ-ரிங்கும் (கசிவைத் தடுக்கும் வளையம்) காற்றுக்கானவை, உடம்பு பல மாடல்களில் அலுமினியம். அதன் வாயில் ஆக்ஸிஜன் ஹோஸைச் செருகுவது வெடி செய்கிற வேலை.

காற்றுக்காவது அதைப் பயன்படுத்தலாமா? டைலூயன்ட் சிலிண்டருக்கு?

டைலூயன்ட் என்பது ரீபிரீதரின் இன்னொரு குட்டி சிலிண்டர், ஆழம் கூடும்போது சுவாசப் பையைச் சுருங்காமல் நிறைக்கும் காற்றோ கலவையோ அதில் இருக்கும். 3 லிட்டர், 200 பார் என்றால் 600 லிட்டர் காற்று, வெளியிலிருந்து இழுக்க வேண்டும். பம்பு சூடேறி நின்று நின்று ஆயிரக்கணக்கில் அடிக்க வேண்டி வரும், வருகிற காற்று ஈரமாக இருக்கும், கிரீஸ் வாடை வேறு. நிரம்பிய ஸ்கூபா சிலிண்டர் ஒன்றிலிருந்து சமப்படுத்திக்கொள்ளுங்கள், முடிந்தது.

பம்பு எதில் செய்திருக்க வேண்டும்? என்ன கிரீஸ்?

பித்தளை, வெண்கலம், மோனல் (நிக்கலும் செம்பும் கலந்த உலோகம்) நல்லவை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பரவலாக இருக்கிறது, சரியாக வடிவமைத்திருந்தால் ஓடும். டைட்டேனியம் பக்கமே போகாதீர்கள், பளபளவென்று இருக்கும், உயர் அழுத்த ஆக்ஸிஜனில் அதுவே எரியும். பிஸ்டன் சீலுக்கு டெஃப்ளான், ஓ-ரிங்குக்கு வைட்டான் அல்லது இபிடிஎம்.

கிரீஸ் என்றால் கிரைட்டாக்ஸ், கிறிஸ்டோலூப் போன்ற ஃப்ளோரின் வகை மட்டும். ஒரு குட்டி டியூப் கொள்ளை விலை. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் கிடக்கும் கிரீஸைத் தடவத் தோன்றும், தேங்காய் எண்ணெய் தொட்ட கையால் ஓ-ரிங்கை எடுத்துப் போட்டவரையே நான் பார்த்திருக்கிறேன். கிரைட்டாக்ஸும் பூசி மெழுகுவதற்கு இல்லை, ஓ-ரிங் ஈரமான மாதிரி மினுங்கினால் போதும்.

எப்படிச் சுத்தம் செய்வது?

முழுக்கப் பிரித்து, ஆக்ஸிஜன் சுத்தத்துக்கென விற்கும் திரவத்தில் கழுவி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, நூல் உதிராத துணியில் வைத்து உலர்த்தி, பொடியில்லாத கையுறையோடு பூட்டுங்கள். கழுவியது சரியா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி, சுத்தமான உலோகத்தின் மேல் தண்ணீர் விரிந்து ஒரே படலமாக நிற்கும், எண்ணெய்ப் பசை இருந்தால் வாழை இலையில் விழுந்த தண்ணீர் மாதிரி முத்துமுத்தாக உருளும். முத்து உருண்டால் மறுபடியும் கழுவுங்கள். லீக் பார்க்க சாதாரணச் சோப்பு நுரை வேண்டாம், அதில் கொழுப்பு இருக்கும், ஆக்ஸிஜனுக்கென்றே லீக் திரவம் விற்கிறது.

அடிக்கிறேன், அடிக்கிறேன், கேஜ் முள் நகரவே இல்லை. என்ன கோளாறு?

இது என் சொந்தக் கதை. ஒரு படகில், ராத்திரி, மறுநாள் காலை டைவ். 40 நிமிடம் அடித்தேன், முள் 110-ல் ஆணி அடித்த மாதிரி நின்றது. சின்ன சிலிண்டரின் வால்வு மூடியிருக்கிறதோ என்று பார்த்தேன், இல்லை. ஹோஸ் லீக்கா, இல்லை. கடைசியில் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கையைப் பிடியில் சும்மா வைத்திருந்தபோதுதான் விஷயம் புரிந்தது. தள்ளும்போது வழக்கமாக முதலில் இளகி, அப்புறம் இறுகி, வெளி வால்வு திறக்கும்போது ஒரு சின்ன இடறல் கையில் தெரியும். அன்றைக்கு இளகியபடியே கடைசிவரை போனது. நான் தள்ளிய வாயு முன்னால் போகாமல் வந்த வழியே பெரிய சிலிண்டருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது, வாஷர் தேய்ந்த அடிபம்பில் தண்ணீர் மேலே வராமல் குழாய்க்குள்ளேயே இறங்குமே, அந்த மாதிரி. உள் வால்வின் இருக்கையில் ஒரு உலோகத் துணுக்கு, மிளகாய் விதையில் பாதி. பெரிய சிலிண்டரின் வால்விலிருந்து வந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் சின்டர் வடிகட்டி (உலோகப் பொடியை இறுக்கிச் செய்தது) இல்லாமல் நான் பம்பைப் பூட்டியதே இல்லை. அந்த 40 நிமிடமும் அந்தத் துணுக்கு ஆக்ஸிஜனில் அங்குமிங்கும் அடிபட்டுக்கொண்டிருந்தது என்பது மறுநாள்தான் உறைத்தது. பறக்கும் துணுக்கு மோதுவதாலும் தீப்பிடிக்கும்.

தலைகீழ்க் கோளாறும் உண்டு. கைப்பிடி தானாகத் திரும்பி உதைத்தால் வெளி வால்வு கசிகிறது. உடனே சின்ன சிலிண்டரின் வால்வை மூடுங்கள், முகத்தைக் கைப்பிடிக்கு நேராக வைக்காதீர்கள்.

150 வரை அடித்தேன், காலையில் பார்த்தால் 143. லீக்கா?

பெரும்பாலும் இல்லை. நிரப்பும்போது சிலிண்டர் 45 டிகிரிக்குப் போயிருந்து, ராத்திரியில் 30-க்கு வந்தால் 150 பார் 143 ஆகத்தான் இறங்கும். மறுநாளும் இறங்கினால் அப்போது லீக் தேடுங்கள்.

ஹீலியத்துக்கும் இதே பம்பா?

ஆழமாகப் போகிறவர்கள் டைலூயன்டில் ஹீலியம் கலப்பார்கள், விலை மூச்சு முட்டும், அடியில் மிஞ்சிய 40 பாரை விட மனசு வராது. ஹீலியம் எதையும் எரியவிடாது என்பதால் தீக் கவலை இல்லை, பம்பு ஓடும். ஆனால் ஹீலியம் சிலிண்டர், அதன் ஹோஸ், அதன் ஃபிட்டிங் எதுவும் ஆக்ஸிஜனுக்காகக் கழுவியது கிடையாது. ஒரு தடவை அதற்குப் பயன்படுத்தினால் திரும்ப ஆக்ஸிஜனுக்கு வரும்முன் முழுக்கப் பிரித்துக் கழுவ வேண்டும். வசதி இருந்தால் இரண்டு பம்பு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் பெயின்டால் பெரிய அடையாளம் போடுங்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பா?

நூறு வருஷத்துக்கு மேல் பழசு, அதுவும் சுரங்கத்தில். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவே தோண்டிய செவர்ன் சுரங்கப்பாதையில் 1879-ல் தண்ணீர் புகுந்தது, 1880-ல் அலெக்சாண்டர் லாம்பர்ட் என்ற டைவர், ஹென்றி ஃப்ளூஸ் செய்த ஆக்ஸிஜன் ரீபிரீதரை மாட்டிக்கொண்டு இருட்டில் நடந்துபோய் உள்ளே இருந்த கதவை மூடினார். 1906 மார்ச் 10 அன்று பிரான்ஸின் கூரியர் நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் 1,099 பேர் செத்தார்கள், ஜெர்மனியிலிருந்து மீட்புக் குழு சுவாசக் கருவிகளோடு வந்தது. வட அமெரிக்காவில் சுரங்க மீட்பாளர்களுக்கு ட்ரேகர்மேன் என்றே பெயர் விழுந்துவிட்டது, ஜெர்மானிய ட்ரேகர் நிறுவனத்தின் கருவியால். அவர்கள் முதுகில் இருந்ததும் இதே ரீபிரீதர், இதே குட்டி ஆக்ஸிஜன் சிலிண்டர், அதை நிரப்ப மீட்பு நிலையங்களில் இருந்ததும் கையால் அடிக்கும் மாற்றுப் பம்பு. இன்றைக்கு விற்பதைப் பார்த்தால் அந்த மனிதர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இந்தியாவில் வீட்டில் வைத்து நிரப்பலாமா?

வாயு சிலிண்டர் விதிகள் (Gas Cylinders Rules), 2016-இன்படி அழுத்த வாயுவைச் சிலிண்டரில் நிரப்ப உரிமம் வேண்டும். நாக்பூரைத் தலைமையகமாகக் கொண்ட பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) கீழ் வருகிற விஷயம் இது. மொட்டைமாடியில் வைத்து அடித்துப் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். உரிமம் உள்ள இடத்தோடு பேசி அங்கே செய்யுங்கள். வெளிநாட்டில் டைவ் போகிறவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தையும் படகு உரிமையாளரின் சம்மதத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், படகில் ஆக்ஸிஜன் அடிப்பது கேப்டனுக்குத் தெரியாமல் நடக்கக் கூடாத காரியம்.

நிரப்பியாச்சு. நேரே மாட்டிக்கொண்டு இறங்கலாமா?

ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் அனலைசரில் வைத்துப் பாருங்கள். பெரிய சிலிண்டரின் மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி, நேற்றுத்தான் பார்த்தேன் என்றாலும் சரி. சதவீதம், அழுத்தம், தேதி, உங்கள் பெயர் எழுதி டேப் ஒட்டுங்கள். தனி ஆக்ஸிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. டைலூயன்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டியவர்கள் பலர் திரும்பி வந்ததில்லை.

ஹோஸைக் கழற்றும்போது டப்பென்று வெடித்த மாதிரி சத்தம். பம்பு போச்சா?

பம்பு போகவில்லை, ஹோஸுக்குள் இருந்த அழுத்தத்தை வெளியே விடாமலே கழற்றிவிட்டீர்கள். இரண்டு சிலிண்டர் வால்வையும் மூடி, வடிகால் திருகை மெதுவாகத் திறந்து, இரண்டு கேஜும் பூஜ்யம் காட்டிய பிறகு ஸ்பானரைத் தொடுங்கள். கழற்றியதும் பம்பின் இரண்டு வாயிலும் மூடி போட்டுவிடுங்கள், படகில் அடுத்த நிமிடமே யாராவது அதன் பக்கத்தில் மீன் வறுக்க ஆரம்பிப்பார்கள்.